இரண்டு முறை போர்த்திய பொன்னாடை

"நாட்டோட பேரை மட்டும் எழுதாதீங்கக்கா" என்று தோழி கேட்டுக்கொண்டாள். அவளுடைய அம்மாவும் தம்பியும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் இங்கே அது வெறும் 'அந்த நாடு'. தேர்தலில் ஜெயித்தவர்களை ஜெயிலில் தள்ளிவிட்டு ராணுவம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்ட நாடு. பல தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து கப்பலேறி அங்கே போன குடும்பம் அவளுடையது. நர்ஸ் வேலை கிடைத்து அவள் மட்டும் டெக்சஸ் வந்தாள். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்கிற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அந்த உரிமையில் நான் அவளை நன்றாகத் திட்டவும் செய்வேன்.

தம்பி பள்ளிக்கூட வாத்தியார். ஊர்வலத்தில் நடந்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். உள்ளே அடிக்கிறார்கள் என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள், நான் மறுபடி கேட்கவில்லை. இந்த அரசை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு வெளியே போனார்கள். இவன் போடவில்லை. பார்க்கப் போகும் அம்மாவிடம், "வெளிநாட்டுக்காரங்களே இன்னும் இவங்கள ஒத்துக்கலம்மா, நான் எதுக்கு ஒத்துக்கணும்?" என்று கேட்பானாம்.

என் தோழியின் பாடுதான் திண்டாட்டம். ஒருநாள் "போட்டுத் தொலைச்சிட்டு வெளிய வந்தா என்னவாம் இந்தப் படுபாவிக்கு" என்று அழுவாள். மறுநாள் "அவன் போட மாட்டான்க்கா, அழுத்தக்காரன்" என்று சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை இருக்கும். அவளும் சும்மா இருக்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு, தூக்கக் கண்ணோடு, அந்த நாட்டுக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு நம்மூர் எம்.பி. மாதிரி இங்கே இருக்கிற காங்கிரஸ்மேன் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அந்த ராணுவ அரசை அமெரிக்கா அங்கீகரிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கோரிக்கை.

ஆனால் உலகம் மெல்ல மெல்ல இளகிக்கொண்டிருந்தது. பக்கத்து நாடு ஒன்று முதலில் தூதரை அனுப்பியது. அதைப் பார்த்து இன்னொன்று. வாஷிங்டன் வாயைத் திறக்கவில்லை. என்றாலும் அந்த நாட்டுக் கடலில் எரிவாயு இருந்தது, எங்கள் ஹூஸ்டனில் கம்பெனிகள் இருந்தன. ஆட்கள் வந்து போக ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா, வழக்கம்போல ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில். என் வீட்டுக்காரர் அந்த வருடம் செயலாளர். தங்கமான மனுஷன், ஆனால் யார் மனமும் கோணிவிடக் கூடாது என்கிற வியாதி உண்டு. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்கும்போதே ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வைத்துவிடுவார். "யாராச்சும் திடீர்னு வந்து நின்னா?" என்பார். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? நம் ஜாதகமே அப்படித்தான். முன்வரிசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், யார் எவர் என்று கேட்காமல் ஒன்றைப் போர்த்திவிட்டால்தான் நமக்குச் சோறு இறங்கும்.

அன்றைக்கு, எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் கமிட்டி உறுப்பினர் ஒருவர் ஒரு விருந்தாளியைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். பிசினஸ் விஷயமாக வந்தவராம், நம் பண்டிகையைப் பார்க்க ஆசைப்பட்டாராம். வயதானவர், சாந்தமான முகம். கைகூப்பி எல்லோருக்கும் வணக்கம் வேறு சொன்னார். கூடவே ஒரு போட்டோகிராபர். பொங்கல் பார்க்க வருகிறவர் எதற்குப் போட்டோகிராபரோடு வருகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோழி காஃபெட்டீரியாவில் சாம்பார் டிரேக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெண், நாலாம் வகுப்பு படிக்கிறவள், பட்டுப்பாவாடையில் மேடையோரம் தாம்பாளத்தோடு நின்றாள். எங்கள் விழாக்களில் தட்டு ஏந்துவது எப்போதும் அவள்தான். மற்ற பிள்ளைகள் மேடையேறினால் கெக்கேபிக்கே என்று சிரிக்கும். இவள் பொறுப்பாக நடந்து வந்து, பொறுப்பாக நிற்பாள்.

விருந்தாளியை மேடைக்கு அழைத்தார்கள். கூட்டிவந்தவர் நீட்டிய துண்டுச் சீட்டை அறிவிப்பாளர் அப்படியே வாசித்தார்: அந்த நாட்டு அரசின் வர்த்தகப் பிரதிநிதி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து மேடைப் பக்கம் ஓடினேன். அதற்குள் குழந்தை தட்டை நீட்டியாயிற்று, என் வீட்டுக்காரர் பொன்னாடையை உதறி விரித்தாயிற்று. "என்னங்க! ஏங்க!" என்று நான் கத்தியது அவருக்குக் கேட்டது. முகம் வெளிறியது. ஆனாலும் கையை லேசாக அசைத்து, "இரு, இரு" என்று ஜாடை காட்டிவிட்டுப் போர்த்திவிட்டார். மேடைக்கு வந்துவிட்ட மனுஷனை எப்படி இறங்கச் சொல்வது என்று அப்புறம் என்னிடமே கேட்டார்.

அதோடு விட்டதா? போட்டோகிராபர் "ஒன் மோர் டைம் ப்ளீஸ்" என்றார். நமக்கு அது புதிதா என்ன? கல்யாணத்தில் தாலியைத் தவிர எல்லாவற்றையும் கேமராவுக்காக இரண்டு தடவை செய்கிற கூட்டம்தானே! பொன்னாடையைக் கழற்றி, மடித்து, மறுபடி தாம்பாளத்தில் வைத்து, குழந்தையை நடுவில் நிறுத்தி, எல்லோரையும் சிரிக்கச் சொல்லி, இன்னொரு முறை போர்த்தினார்கள். அரங்கமும் இன்னொரு முறை கைதட்டியது.

அந்த வாரமே படம் அந்த நாட்டு அரசுப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. அமெரிக்கத் தமிழர்கள் நம் அரசைப் போற்றி வரவேற்றார்களாம். தோழி போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "எம்புள்ள கையாலயேக்கா" என்றாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

நான் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். எங்களுக்கும் அந்த அரசுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி அறிக்கை விடுங்கள், போதும் என்றேன். "நமக்கு எதுக்குங்க பாலிடிக்ஸ்? நாம கல்ச்சுரல் அசோசியேஷன்" என்றார் தலைவர். "போத்தும்போது கல்ச்சர், எடுக்கச் சொன்னா பாலிடிக்ஸா?" என்று கேட்டேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

பத்திரிகை ஜெயிலுக்கும் போயிருக்கிறது. அவன் குடும்ப விவரமெல்லாம் கையில் வைத்திருந்த அதிகாரி அதைத் தம்பியின் முன்னால் விரித்துப் போட்டானாம். தட்டோடு நிற்கிற குழந்தை யார் என்று தெரிகிறதா என்று கேட்டானாம். பிறந்ததிலிருந்து வீடியோவில் பார்த்து வளர்த்த மருமகளைத் தெரியாமல் இருக்குமா? அன்றைக்கே அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"எப்படியோ வெளிய வந்துட்டான்ல, நல்லதுதானே?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். எந்த வாயால் அவரைத் திட்டுவது? எனக்கும் அதுதானே முதலில் தோன்றியது.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு அக்காவை அழைத்த முதல் நாள் நான் அவள் வீட்டில் இருந்தேன். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுப் பக்கமே அவள் வரவில்லை என்பதால், ரசம் வைத்து எடுத்துக்கொண்டு நானே போயிருந்தேன். போன் திரையில் தெரிந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போய், முன்பற்கள் இல்லாமல் இருந்தான். தோழி தடதடவென்று பேச ஆரம்பித்தாள்.

"டேய், சத்தியமா எனக்குத் தெரியாதுடா. நான் கிச்சன்ல இருந்தேன். யாருன்னே தெரியாம போத்திட்டாங்கடா. நாங்க ஒத்துக்கலடா!"

"விடுக்கா" என்றான். "நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு நெனச்சுட்டேன். அப்புறம் நான் மட்டும் யாருக்காக உள்ள இருக்கணும்னு தோணிருச்சு." கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பாப்பா எங்க?" என்று கேட்டான்.

சோபாவில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தவள் ஓடிவந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவாடை நல்லா இருந்துச்சும்மா" என்றான். "அந்தத் தட்டு ரொம்ப கனமா?"

"நோ மாமா" என்றாள் குழந்தை. "இட் வாஸ் ஸோ லைட்."