ஹெல்கா கொடுத்துவிட்ட சனிக்கிழமை

சனிக்கிழமை ஆறு மணியை ஹெல்கா தன் வாயாலேயே கொடுத்துவிட்டாள். யாரும் பிடுங்கவில்லை. அதனால்தான் திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஹெல்காவின் அம்மா அய்லியும் என் அம்மா ஹில்யாவும் கூடப்பிறந்தவர்கள். ஹெல்கா எனக்கு மூத்தவள். அவளுக்கு ஒரே தம்பி, தொய்வோ. அவன் பெண் எடுத்த இடம் வடக்கே கௌஹயோகி. அங்கேயே தங்கிப்போனான், அங்கேயே செத்தும்போனான். அவன் மகன்தான் யொவுக்கோ. இந்தக் கதைக்கு இவ்வளவு உறவு போதும்.

ஹெல்கா ஹெல்சிங்கியிலேயே பிறந்து வளர்ந்தவள். டிராம் ஓட்டினாள். பொம்பளை ஓட்டுகிற வண்டி என்று ஏறாமல் நின்ற கிழவர்களை அவளுக்குத் தெரியும். பனியில் அடுத்த வண்டி வராமல் போனதும் அதே கிழவர்கள் ஏறியதும் தெரியும். அச்சகத்தில் வேலை பார்த்த ஆர்னெயைக் கட்டிக்கொண்டு கல்லியோ பகுதியில் இந்தக் கட்டடத்துக்கு, நாலாவது மாடிக்கு மருமகளாக வந்தாள். பிள்ளை இல்லை. நான் விதவையான பிறகு, இரண்டாம் மாடியில் வீடு காலியாக இருக்கிறது என்று சொல்லி என்னை இழுத்து வந்தவளும் அவள்தான்.

எங்கள் கட்டடத்துக்குப் பொதுவாக நிலவறையில் ஒரு சவுனா உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்கு. அதுதான் முறை. உங்கள் முறையில் நீங்கள் போய்ச் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து, குளித்து வரலாம். வேறு ஒருவர் எட்டிப்பார்க்க மாட்டார். வெள்ளி, சனி சாயங்கால முறை வேண்டுமென்றால் யாராவது சாகவேண்டும், இல்லை வீடு மாறவேண்டும். ஹெல்காவின் சனிக்கிழமை ஆறு மணி அவள் மாமியார் காலத்திலிருந்து வந்தது. ஆர்னெ செத்துப்போன பிறகும் அவள் ஒரு வாரம் விட்டதில்லை. உள்ளே உட்காரும் படிப்பலகைகளில் கீழ்ப் பலகை ஆர்னெயுடையது. அதில் அவள் உட்காரமாட்டாள்.

போன வசந்தத்தில் கட்டடத்துக் குழாய்களை மாற்ற ஆரம்பித்தார்கள். சுவரெல்லாம் உடைத்தார்கள். வீட்டில் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது, லிப்ட் கிடையாது. சவுனாவுக்கும் பூட்டு. முற்றத்தில் இரும்புப் பெட்டி மாதிரி ஒன்றை இறக்கிவைத்து அதில்தான் குளியல். காலையில் துண்டும் சோப்புமாக எல்லாரும் வரிசையில் நிற்போம்.

எங்கள் வழக்கம் என்னவென்றால், வெளியே போகும் முன் கதவில் காதை வைத்துக் கேட்போம். படிக்கட்டில் யாராவது நடந்தால், அவர் போகட்டும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளேயே நிற்போம். அப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய் ஒரே வரிசையில் நிறுத்தினால் எப்படி இருக்கும்?

"இத்தனை வருஷமா இருக்கேன், உங்க மொகத்த எல்லாம் இப்பத்தான் பாக்குறேன்" என்றார் முதல் மாடி கெத்துனேன். பொண்டாட்டி போன மனுஷர்.

"ஏன், கதவு ஓட்டை வழியா பாக்கலையாக்கும்?" என்றாள் ஹெல்கா.

"அதுல மண்டை மட்டும்தானம்மா தெரியும்."

மூன்றாம் மாடி ஈதா சிரித்துவிட்டாள். கைக்குழந்தைக்காரி, வடகோடி லாப்லாந்துப் பக்கத்துப் பெண். புருஷன் ரூப்பெ. அன்றைக்கு அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"எங்க ஊர்ல கடைக்குப் போனா, நான் என்ன வாங்கினேன்னு நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுடும். இங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. வந்த புதுசுல சொர்க்கமா இருந்துச்சு. இவன் பொறந்தப்புறம், யாராவது ஒரு வார்த்தை கேட்டா தேவலன்னு இருக்கு."

"கேக்கலன்னு சொல்லாத" என்றார் கெத்துனேன். "போன குளிர்காலத்துல குளியலறைல வழுக்கி விழுந்தேன். எந்திரிக்க முடியாம சுவத்தத் தட்டினேன். மேல் வீட்டுலேருந்து பதிலுக்குத் தட்டினாங்க. சத்தம் போடாதேன்னு."

மேல் வீடு என் வீடு. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் என்னைப் பார்க்காமல் சோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மனது.

"நீங்க சொல்லுங்க ஹெல்காம்மா, இங்கயே பொறந்தவங்க" என்றாள் ஈதா.

"நான் என்னத்தச் சொல்ல? வாசல்ல டிராம், எதிர்ல நூலகம், ஆஸ்பத்திரிக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். ராத்திரி குடிகாரன் கத்துவான், படியேறினா முட்டி கத்தும். ஊரு மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. களைப்பா இருக்கு, அவ்வளவுதான்."

தண்ணீர் வாளியோடு நாலு மாடி ஏறுகிற வயசா அது?

அந்த வாரமே யொவுக்கோ காரோடு வந்தான். நல்ல பையன், குரல்தான் பெரிசு.

"அத்தை, பேசாம எங்ககூட வந்துருங்க. கீழ ரூம் சும்மாத்தான் கெடக்கு. வீட்டுக்குள்ளயே சவுனா. வாரத்துல ஏழு நாளும் போடலாம், ஒருத்தன் மணி பாக்கமாட்டான்!"

வேலை முடிந்து வீடு சரியானதும் விற்றுவிடலாம் என்று பேச்சு. ஹெல்கா அன்றைக்கே கட்டட நிர்வாகியிடம் போய், சனிக்கிழமை தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். சவுனாவே பூட்டிக்கிடக்கிறது, வீடும் இன்னும் விற்கவில்லை. அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டேன்.

"போறவ முறையைப் பிடிச்சுவெச்சுக்கிட்டுப் போகலாமாடி லெம்பி? அடுத்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். வீட்டை விட்டுக்கொடுக்க யோசிப்பார்கள், முறையை மட்டும் நேர்மையாக முதலில் கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமைக்குக் காத்திருந்தவர்களில் முதலில் நின்றவர்கள் ரூப்பெயும் ஈதாவும். அவர்களுக்குப் போயிற்று. ஹெல்கா யொவுக்கோவின் காரில் கௌஹயோகிக்குக் கிளம்பிப்போனாள்.

இலையுதிர்காலத்தில் வேலை முடிந்து, வீட்டை விற்க ஹெல்கா திரும்பி வந்தாள். லிப்ட் ஓடியது. குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டியது. என் சமையலறையில் உட்கார்ந்து காப்பியை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"யொவுக்கோ பொண்டாட்டி மார்கெத்தா தங்கமான பொண்ணு. ஆனா சவுனாவுக்குள்ளயும் கூடவே வந்து உக்காந்துக்குறா. மூட்டு எப்படி, தூக்கம் எப்படி, வயிறு எப்படி. ஒரு நூல்கண்டு வாங்கணும்னாலும் யொவுக்கோ காரை எடுக்கணும். அவன் எடுப்பான், மூஞ்சி கோணமாட்டான். அதுதான்டி தாங்கல."

"அப்ப இங்கயே இருந்துடேன்க்கா."

"இருந்து?" என்றாள். "சனிக்கிழமை ஆறு மணிக்கு என்ன செய்யறது, சுவத்தப் பாக்கறதா?"

"நிர்வாகிகிட்ட கேக்கட்டுமா?"

"கொடுத்ததைக் கேக்குற வேலையெல்லாம் வெச்சுக்காத."

அந்தச் சனிக்கிழமைதான் அது நடந்தது. மனசு மறந்தாலும் கால் மறக்கவில்லை. ஆறு மணிக்கு அவள் துண்டை எடுத்துக்கொண்டு, லிப்டில் நிலவறைக்கு இறங்கி, சவுனாவின் உடைமாற்றும் அறையைத் திறந்துவிட்டாள். அவள் வழக்கமாகத் துணி மாட்டும் கொக்கியில் ஒரு குட்டிக் காலுறை தொங்கியது. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஈதா நிற்கிறாள். உள்ளேயிருந்து ரூப்பெ, "யாரது?" என்கிறான்.

அடுத்தவர் முறைக்குள் நுழைவது எங்களுக்கு அடுத்தவர் படுக்கையறைக்குள் நுழைகிற மாதிரி. ஹெல்கா மன்னிப்புகூடக் கேட்கவில்லை, ஓடிவந்துவிட்டாள். லிப்டுக்கும் காத்திருக்கவில்லை. அந்த முட்டியோடு படியேறினாள்.

மறுநாள் கதவைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை நான் விடாமல் தட்டியதும் திறந்தாள். நடுவீட்டில் பெட்டி திறந்து கிடந்தது.

"யொவுக்கோவை வரச் சொல்லிட்டேன். இனிமே இந்தப் படிக்கட்டுல எந்த மூஞ்சியோட நடக்கறது?"

எனக்கும் வயசாகிவிட்டது. அவள் போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் என்னை 'டி' போட்டுக் கூப்பிட ஆள் கிடையாது. அதைச் சொன்னால் அவளைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகும். ஸ்வெட்டர்களை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மணி அடித்தது. இங்கே சொல்லாமல் வந்து ஒருவர் வீட்டு மணியை இன்னொருவர் அடிப்பதில்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஹெல்கா கதவு ஓட்டையில் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு" என்றாள் மெதுவாக.

"நீங்க உள்ள இருக்கிறது கேக்குது ஹெல்காம்மா" என்றாள் ஈதா வெளியிலிருந்து.

திறக்க வேண்டியதாயிற்று. ஈதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று ஹெல்காவும் சொல்லவில்லை.

"சனிக்கிழமைய நீங்களே எடுத்துக்கங்க. ரூப்பெகிட்ட சொல்லிட்டேன்."

ஹெல்கா குழந்தையைப் பார்த்தாள். "இவன் எப்படித் தூங்குறான்?"

"எங்க தூங்குறான்! சவுனாவுல போட்டு எடுத்தா அன்னிக்கு மட்டும் விடியற வரைக்கும் தூங்குவான். நாங்களும் அன்னிக்குத்தான் தூங்குறோம்."

"அப்ப நீயே வெச்சுக்கோ. கொடுத்தது கொடுத்ததுதான்." குழந்தையின் நழுவிய காலுறையை இழுத்துவிட்டாள். பிறகு ஹெல்கா கேட்டாள், "நீங்க முன்னாடி போயிட்டிருந்த முறை என்ன ஆச்சு?"

"செவ்வாய்க்கிழமை நாலு மணியா? அது யாருக்கு வேணும்? அன்னிக்கு முதல் முறை அதுதான், கல்லே சூடாகியிருக்காது. அப்படியே கெடக்கு."

"குளிருமா?"

"பல் கிட்டிப்போற அளவுக்கு இல்ல" என்று ஈதா சிரித்தாள்.

அவள் போனபின் ஹெல்கா பெட்டியின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் மடித்த ஸ்வெட்டர் என் கையிலேயே இருந்தது. பிறகு எழுந்து நிர்வாகிக்குப் போன் போட்டாள். அதை வைத்ததும் போன் அடித்தது. யொவுக்கோ. அவன் குரல் எனக்கே கேட்டது.

"அத்தை, நாளைக்குக் காலைல கெளம்பி மத்தியானத்துக்குள்ள வந்துடறேன். ரெடியா இருங்க!"

"நாளைக்கு வேண்டாம்ப்பா" என்றாள் ஹெல்கா. "நாளைக்கு எனக்கு முறை இருக்கு."

"அப்ப புதன்கிழமை வரட்டுமா?"

"அடுத்த செவ்வாயும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னைப் பார்த்து, "அந்த ஸ்வெட்டரை அலமாரில வைடி" என்றாள்.

மறுநாள் நாலு மணிக்குப் போய், ஐந்து மணிக்கு வந்தாள். கல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வெதுவெதுன்னு. பழைய காப்பி மாதிரி" என்றாள். "உக்காரலாம்."