கேத்தில் யார் கையில்

சிசிலியில் நான் குடியிருந்த சீசாப் பகுதியிலிருந்து பஸ் பிடித்து, பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். அந்த வீட்டு அம்மாவைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன், அவர் அயர்லாந்துக்காரி. சிசிலிக்காரர் ஒருவரைக் கட்டி, அவரும் போய்ச் சேர்ந்து, தனியே இருந்தார். நாலு மணித் தேத்தண்ணி மட்டும் அவருடைய அயர்லாந்து முறைதான். கேத்திலைத் தூக்கினால் கை வெடவெடவென்று நடுங்கும், மேசை விரிப்பெல்லாம் நனையும். முதல் கிழமையே எனக்குப் பொறுக்கவில்லை. வயதுபோன மனுசி ஊற்ற, இளையவள் கைகட்டி நிற்பதா? எங்கள் வளர்ப்பு அப்படியில்லை. கேத்திலைப் பறித்து நானே ஊற்றினேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். சிஞ்ஞோரா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் கோபம். நல்லது செய்தால் முகத்தைத் தூக்கி வைக்கிறதா? மூன்றாம் நாள் நேரே கேட்டுவிட்டேன்.

ஒரு சொல்லைச் சொன்னார்: பான் அன் ட்சீ. ஐரிஷ் மொழியில் வீட்டுக்காரி. பான் என்றால் பெண். ட்சாஹ் என்றால் வீடு. 'வீட்டின்' என்று வரும்போது அது ட்சீ ஆகிவிடுமாம், எங்கள் வீடு 'வீட்டு' ஆகிறதுபோல. இத்தாலியர் கூரையைத் தெத்தோ என்கிறார்களே, அதுவும் ட்சாஹும் ஒரே வேராம். அவர்கள் ஊரில் தேத்தண்ணி ஊற்றுவது வீட்டுக்காரியின் உரிமை.

"கேத்திலைப் பறிச்சால் இந்த வீட்டிலை நான் ஆர்?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து, பாரம் குறையட்டும் என்று, கேத்திலைப் பாதிதான் நிரப்பினேன்.

ஒருநாள் மிலானோவிலிருந்து சிஞ்ஞோராவின் மகள் வந்தார். அம்மா தனியே சமாளிப்பாரா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். அது எங்கள் இருவருக்கும் தெரியும். சிஞ்ஞோரா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, எனக்குப் பாவமாக இருந்தது. நாலு மணிக்கு, அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, நீங்களே ஊற்றுங்கள் என்றார் மகள் என்னிடம்.

"வீட்டுக்காரி இருக்கேக்கை நான் ஊத்த மாட்டன்" என்றேன்.

முதல் தடவையாக அந்த மேசையில் கதிரையை இழுத்து இருந்தேன். கோப்பையைக் கையிலேயே நீட்டி, கேத்தில் நடுங்கிய பக்கமெல்லாம் கொண்டுபோனேன். விரிப்பில் ஒரு சொட்டு விழவில்லை. விழுந்ததெல்லாம் என் விரல்களில்.

சுட்டுவிட்டதா என்று மகள் கேட்டார்.

"இல்லை, ஆறின தேத்தண்ணி" என்றேன். ஆவி பறந்துகொண்டிருந்தது.

மகள் என் சிவந்த கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு தன் கோப்பையைக் கையில் எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.