முதல் டிஸ்க் எது?

சேலையூரில் ஒரு மாடியில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில், ஆலைக் கம்ப்யூட்டர்களுக்கான லினக்ஸ் இமேஜ் தயாரிப்பது என் வேலை. ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் போட்டுக் கொடுப்போம். மறைமலை நகரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஓர் ஆலைக்காகப் புது இமேஜ் கட்டியபோது, எங்கள் சோதனைக் கம்ப்யூட்டர் சில சமயம் எழுந்திருக்க மறுத்தது. அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

"ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுதுல்ல, விடு," என்றார் கூட வேலை பார்த்த அக்கா. மறுநாள் காலை பென்டிரைவோடு ஆலைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு விட மனம் வரவில்லை. மதியம் அது மறுபடி நின்றது. இம்முறை அணைக்காமல், எந்த டிஸ்க் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். ஆலையில் இருப்பதைப் போலவே இதிலும் இரண்டு டிஸ்க்: சிஸ்டத்துக்குச் சின்னது, ஒவ்வொரு பாகத்தையும் சோதிக்கக் கேமரா எடுக்கும் படங்களுக்குப் பெரியது. சின்னதுதான் எப்போதும் 'எஸ்டிஏ', அதாவது முதல் டிஸ்க், என்று நம்பியிருந்தோம். திரையில் எஸ்டிஏவுக்கு எதிரே பெரிய டிஸ்கின் அளவு இருந்தது. மெஷின் எழும்போது எந்த டிஸ்க் முந்திக்கொள்கிறதோ, அதற்கே முதல் பெயர்.

எங்கள் இமேஜை நிறுவும்போது நடக்கும் முதல் காரியம், எஸ்டிஏவை முழுக்க அழிப்பது. அது பெரிய டிஸ்காக இருந்துவிட்டால் படங்கள் அத்தனையும் போய்விடும்.

அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்; வாசல் செக்யூரிட்டி எடுத்தார்.

"போன் இங்க கேட்டாண்ட கீது சார். மேடம் உள்ள போயி ரொம்ப நேரமாச்சு."

"உள்ள சொல்லி வேலைய நிறுத்தச் சொல்லுங்கண்ணா. அவசரம்."

"இன்டர்காம் அடிச்சிகினே கீறேன், யாரும் எடுக்கல. மெஷின் சத்தத்துல இன்னா கேக்கும்?"

பைக்கை எடுத்தேன். பெருங்களத்தூரில் வண்டிகள் நகரவில்லை. வண்டலூர் தாண்டும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஆலைக்குள் அக்கா சிரித்த முகத்தோடு நின்றார். "எல்லாம் முடிஞ்சது. நீ ஏன் வந்த?"

ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்த்தேன். வரிசையில் கடைசிக்கு முந்தியது வரை சரியாக இருந்தது. கடைசியில் மட்டும் படங்கள் இருந்த இடம் காலி. அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

தரப் பிரிவுப் பொறுப்பாளர் வந்து குனிந்து பார்த்தார். "ஒரு கார்ல பிரேக் பார்ட்ல விரிசல்னு கம்ப்ளெயின்ட். அதே மாதிரி விரிசலோட வேற எதெல்லாம் வெளிய போச்சுன்னு இந்த மெஷின்ல இருக்கிற போட்டோவ வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

"வேற காப்பி இல்லையா சார்?"

"புதுசா எடுத்த போட்டோவுக்கு இல்ல. இனிமேதான் காப்பி எடுக்கணும்னு இருந்தோம்."

"அந்த பார்ட்ஸ்லாம் இப்ப எங்க?"

"வெளிய. ரோட்ல ஓடுற கார்கள்ல."

மீட்கும் மென்பொருளை ஓட்டினோம். கொஞ்சம் படங்கள் திரும்பின. பல பாதியில் சாம்பல் பட்டையாக முடிந்தன. அங்கேயே உட்கார்ந்து, டிஸ்கை அதன் தொடர் எண்ணை வைத்து அடையாளம் காணும்படி இமேஜை மாற்றினேன். அதன் பிறகு எத்தனை முறை அணைத்துப் போட்டும் தவறவில்லை.

திரும்பும்போது அக்கா என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஜிஎஸ்டி சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் நான் நிற்க நிற்க, அவர் திரும்பி, பின்னால் நெருங்கி வரும் கார்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.