ஐந்தாவது ஆள்

ஓடிக்கொலோன் மணமும் நனைந்த சப்பாத்து மணமும் கலந்து வந்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை. தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தின் நீள மர வாங்கில் இருந்தபடி, யாருடையதோ சுளுக்கிய முழங்காலுக்கு அப்பா ஓடிக்கொலோன் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் "விளையாட்டு மாஸ்டராக" இருந்தவர் இங்கே கிழமை முழுதும் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். ஊரில் அவர் பழக்கிய பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் அவரை இங்கே பயிற்சியாளராக்கியது. கோடையில் உதைபந்து, பனிக்காலத்தில் கூடைப்பந்து. "வேலையால வந்து படுக்காமல் உதென்ன பந்தடி?" என்று அம்மா அலுத்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் நின்றபடியே தூங்கி விழும் மனிதர், விசிலை வாயில் வைத்தால்தான் நிமிர்கிறார் என்பது அம்மாவுக்கும் தெரியும். அதனால் மேலே பேச மாட்டார்.

இப்படியான பழைய மாணவர் சங்கங்கள் தங்களுக்குள் நடத்தும் போட்டிகளில் ஒரு விதி இருந்தது: எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரில் அணி இறங்குகிறதோ, அங்கே படித்தவர்கள்தான் விளையாடலாம். பள்ளிக்கூடமோ கடலுக்கு அப்பால்; படித்தவர்களோ இரண்டு வேலை, கலியாணம், முதுகுவலி என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு பனிக்காலம் கூடைப்பந்துக்கு நாலு பேரே மிஞ்ச, அப்பா குகன் அண்ணையை ஐந்தாவது ஆளாக இறக்கினார். உணவகமொன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் படித்தது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில்.

வென்றோம். கேடயம் கைக்கு வருமுன் எங்கள் சங்கத்தின் செயலாளரே வந்து கேட்டார்: "மாஸ்டர், இவர் எங்கட பள்ளிக்கூடமோ?"

"இல்லை," என்றார் அப்பா. "ஆள் இல்லாமல் எப்பிடி விளையாடுறது?"

"விதி விதிதானே, மாஸ்டர்."

கேடயம் மற்ற அணிக்குப் போனது. அடுத்த கிழமை தொலைபேசியில், மரியாதையாகவே, இனி பயிற்சியை வேறொருவர் பார்ப்பார் என்று சொன்னார்கள். அதன்பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வரை படுத்திருந்தார். அம்மா விசிலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். எனக்கு அந்தச் செயலாளரைக் கண்ணிலும் காட்டக்கூடாது.

இப்போது அதே நகரத்தின் மறுகோடியில், ரூஜில் இருக்கிறோம். போன கோடையில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் ஓடக்கூடியவர் எவரும் இல்லையாம், இனி யாருடைய பிள்ளையும் விளையாடலாமாம். புதுச் செயலாளர் வீட்டுக்கே வந்து, "மாஸ்டர், பிள்ளையளைப் பழக்க வாருங்கோ" என்று கேட்டார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். "என்னால ஏலாது தம்பி. நீங்கள் நல்லாச் செய்யுங்கோ," என்று சிரித்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

மனம் கொதித்தது எனக்குத்தான். அவர் முகத்தில் கொஞ்சமாவது கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். அதுகூட மிஞ்சவில்லை.