தரம் நான்கு அழைத்த பிரமுகர்

நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் நான்குக்குப் படிப்பித்தபோது நடந்தது இது. ‘சமூகத்துக்குத் தொண்டு செய்வோர்’ என்பது பாடம். டாக்டர், பொலிஸ்காரர், தபால்காரர் படங்களைச் சுவரில் ஒட்டி, “என்ன தொழில் செஞ்சாலும் மரியாதை குடுக்கணும், பாகுபாடு காட்டக் கூடாது” என்று பிரசங்கம் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அப்பிடி ஒருத்தர வகுப்புக்குக் கூப்பிடுவோம். யாருன்னு நீங்களே வாக்குப் போடுங்க” என்றேன்.

டாக்டர்தான் வருவார் என்ற நம்பிக்கையில் எங்கள் பாடசாலை அதிபர் பூமாலைக்கே சொல்லிவைத்துவிட்டார். வாக்கை எண்ணினால் டாக்டருக்கு மூன்று. மீதி எல்லாம் எங்கள் மலசலகூடம் கழுவும் முத்தையாவுக்கு.

“விளையாடுறீங்களா டீச்சர்? கக்கூஸ் கழுவுறவனுக்கு மாலையா?” என்றார் வகுப்புக்கு வந்த அதிபர்.

வகுப்புத் தலைவி தர்ஷிகா எழுந்தாள். “சேர், டாக்டர் வராட்டி இருமிக்கிட்டாவது படிக்கலாம். முத்தையா மாமா காய்ச்சல்ல படுத்தப்ப கக்கூஸ பூட்டிட்டீங்க. அவசரத்துல லயத்து வீட்டுக்கு ஓடுனவங்க பாதிப் பேர் திரும்பி வரவே இல்ல.”

“சரி சரி, கூப்பிடுங்க” என்று அதிபர் நழுவினார். அந்த நாட்களில் அவரும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தவர்தான்.

வெள்ளிக்கிழமை முத்தையா வந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, பொத்தான் எட்டவில்லை. ஏதோ விசாரணை என்று நினைத்து வாசலிலேயே நின்றார். “நான் ஒன்னும் ஒடைக்கலைங்க டீச்சர்.” பிள்ளைகள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

“கக்கூஸ் எதனால மாமா அடைக்குது?” என்று ஒரு பிள்ளை கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. குழாயிலிருந்து எடுத்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணினார். ரப்பர், ஒற்றைச் சப்பாத்து, கணக்குப் பரீட்சைத் தாள். “பெறகு நம்ம பெரிய சேரோட கண்ணாடி. கழுவிக் குடுத்தேனே சேர், ஞாபகம் இருக்குங்களா?” பின்னால் உட்கார்ந்திருந்த அதிபர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். வகுப்பு உருண்டு சிரித்தது.

அப்போது தேநீர் வந்தது. எங்களுக்குப் பீங்கான் கோப்பை. முத்தையாவுக்கு ஜன்னலோரம் தனியாகக் கிடக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கப்.

“மாமாவுக்கு மட்டும் ஏன் டீச்சர் வேற கப்?” என்றாள் தர்ஷிகா.

அதை ஒதுக்கிவைத்தது நான்தான், அந்தப் பாடசாலைக்கு வந்த முதல் வருடமே. முகம் சுட்டது. என் கோப்பையை முத்தையாவிடம் நீட்டிவிட்டு, மஞ்சள் கப்பை எடுத்து மடமடவென்று குடித்தேன்.

“ஐயோ டீச்சர், குடிக்காதீங்க!” முத்தையா துள்ளி எழுந்தார். “அது நான் பினாயில் அளக்குற கப்பு!”

“அப்ப இவ்வளவு வருசமா நாங்க குடுத்த டீ?” என்றேன்.

“வாழ மரத்துக்கு ஊத்திருவேங்க. ஒதுக்கி வச்ச கப்புல எப்பிடிங்க குடிக்கிறது? நானும் மனுசன்தானே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“என்னைய மன்னிச்சிருங்க” என்றேன், பிள்ளைகள் முன்னாலேயே. இரண்டு நாள் ஏப்பத்தில் பினாயில் மணத்தது. அதைவிட அதிகம் உறுத்தியது அந்த வாழை மரம்தான். எங்கள் தேநீரை அந்த மனிதர் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நிராகரித்திருக்கிறார். மரியாதையைப் பற்றிப் பாடம் நடத்திய எனக்கு அது தெரியவே இல்லை.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தப் பாடத்தைத் தொடங்கும் முன் உங்கள் ஆசிரியர் அறையில் கோப்பைகள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.