என் மனைவியின் ஞாயிற்றுக்கிழமைகள்

பிப்ரவரி 16, 2025, ஞாயிறு, காலை ஏழு நாற்பது. குன்னூரில் வெயில் இன்னும் வரவில்லை. பேருந்து நிலையக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி சுண்டல் வாளியோடு எஸ்டேட் பேருந்துக்குக் காத்திருந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை.

அதற்கு முன் இருபத்து மூன்று ஞாயிறுகளை நான் தனியாகக் கழித்திருந்தேன். குன்னூரில் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த முப்பத்தாறு வருடங்களும் ஞாயிறு எங்கள் இருவருக்கும் உரியது. அதை எடுத்துக்கொண்டவன் ஓர் இளைஞன். ஊட்டியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுத்தருகிறான். என் மனைவியை 'அம்மா' என்கிறான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தச் சொல் அவளுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

எஸ்டேட் சமுதாயக் கூடத்தில் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பதினைந்தாவது பெண்ணைக் காணவில்லை. பின்னால் வளைந்து கையூன்றி எழுவதில் அவள்தான் கெட்டிக்காரியாம்.

"வயசுக்கு வந்துட்டாங்கம்மா. வீட்டுல அனுப்ப மாட்டேங்குறாங்க. நான் போய்க் கேட்டா நல்லா இருக்காது," என்றான் அவன்.

மனைவி உடனே கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். தொழிலாளர் வீடுகளின் வரிசையில் நான்காவது வீடு. அந்தப் பெண்ணின் தாய் வாசலில் நின்றிருந்தாள்.

"என்னா, புள்ளைய காம்பராக்குள்ள பூட்டி வச்சிருக்கியா?" என்றாள் என் மனைவி.

"பூட்டல்லாம் இல்லக்கா. பெரிய புள்ள ஆயிட்டா. இனி தலகீழா நின்னா நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"நீ நாலு பேருக்குப் பயந்தவளா? கொழுந்து எடைக்குக் கங்காணிய ஓட ஓட விரட்டுனவ தானே."

"அது எடை, அக்கா. இது இடுப்பு. மாஸ்டர் புடிச்சுல்ல திருப்புறாரு."

இருவரும் சிரித்தார்கள். நான் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறையைக் காம்பரா என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பதினொரு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். என்னைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்ததும், என் தாய் அவள் பேச்சை எங்கள் வீட்டுப் பேச்சாக மாற்றினாள். நாற்பத்தொரு வருடம் எனக்குக் கிடைத்தது அந்த மாற்றிய பேச்சு. இந்தப் பேச்சும் இப்படிச் சிரிப்பதும் இவ்வளவு நாள் அவளிடம் இருந்திருக்கின்றன. ஆறு மாதம் பழகியவளுக்கு அதைக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பெண்ணின் தாய் கடைசியில் மூன்று நிபந்தனை சொன்னாள். "கணுக்கால் வரைக்கும் மூடுற உடுப்பு வேணும். மாஸ்டர் கை படக்கூடாது, நீங்கதான் தாங்கிப் புடிக்கணும். நீங்க வராத வாரம் அவளும் வரமாட்டா."

"எல்லா ஞாயிறுமா?" என்றேன்.

"ஆமாங்கய்யா."

கதவுத் திரைக்குக் கீழே அந்தப் பெண்ணின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. குதிகால்கள் எழும்பியபடியே நின்றன.

மனைவி என் பக்கம் திரும்பினாள். பேச்சும் கூடவே திரும்பியது. "ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்க? வேண்டாம்னா நான் ஒத்துக்க மாட்டனுங்க."

மரியாதை எனக்கு, சிரிப்பு அவர்களுக்கு. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் ஞாயிறுதோறும் வீட்டில் இருந்திருப்பாள், அந்த 'ங்க'வோடு மட்டும்.

"நானும் வர்றேன். எல்லா ஞாயிறும்," என்றேன்.

"வந்து என்னங்க பண்ணுவீங்க?"

"சுண்டல் போடறேன்."

"ஐயாவால அக்காவ விட்டு இருக்க முடியலையாட்டம் இருக்கு," என்றாள் தாய். நான் மறுக்கவில்லை.

மறுநாள் மார்க்கெட்டில் நீளமான, உடலோடு ஒட்டும் கால்சட்டைகள் வாங்கினேன். ஒருத்தி மட்டும் போட்டால் மற்றவர்கள் அவளையே பார்ப்பார்கள் என்று மனைவி சொன்னதால், அவளோடு சேர்த்துக் கூடத்துக்கு வரும் ஒன்பது பெண்களுக்கும். அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வந்தாள். என் மனைவி இரண்டு கைகளாலும் அவள் முதுகைத் தாங்கினாள். அவள் வளைந்து எழுந்து நின்றாள். மாஸ்டர், "அருமைங்கம்மா," என்றான். அந்த 'அம்மா' இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. மனைவி நான் நின்ற பக்கம் பார்க்கவே இல்லை.

சுண்டல் போட்டபடியே கணக்குப் பார்த்தேன்: கால்சட்டை ஒன்று முன்னூற்றைம்பது. ஒன்பதுக்கு மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.