ஓரத்தில் இருந்த முத்திரை

தூத்துக்குடிக் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். ஆனால் மலாய் ராஜாக்களின் பழைய கடிதங்களைப் பற்றிப் பேசச் சென்னைக் கருத்தரங்குக்கு அழைப்பு வந்ததோ வணிகவியல் நடத்திய காயல்பட்டினத்துக்காரருக்கு. என்னைவிடப் பத்து வயது இளையவர். வயிறு எரிந்தது, மறைப்பானேன்! அவருடைய அப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். அங்கே வளர்ந்ததில் மலாய் வந்துவிட்டது. சின்ன வயதில் ஓதப் போனதில் அரபு எழுத்து வந்துவிட்டது. அரபு எழுத்தில் எழுதிய அந்த மலாய்க் கடிதங்களை வாசிக்க அவ்வளவு போதும். எம்.ஏ. படிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு ராஜா வெள்ளைக்காரக் கவர்னருக்கு எழுதிய மூன்று கடிதங்களின் நெகட்டிவ் அவரிடம் இருந்தது. ஆசிரியர் அறை ஜன்னலில் பிடித்துக் காட்டினார்.

"வார்த்தைய நம்பாதீங்க அண்ணாச்சி. மூணுலயும் ஒரே புகழ்ச்சிதான். ஓரத்துல முத்திரையப் பாருங்க. ராஜா கவர்னருக்குச் சமமா இருக்கையில முதல் வரிக்குப் பக்கத்துல குத்துதாரு. ரெண்டாவதுல பாதிக்கு எறங்கிட்டு. மூணாவதுல அடியில கெடக்கு."

ஒரு ராஜ்ஜியம் விழுந்ததை அந்த ஓரத்தில் பார்த்துவிட்டார். நான் அத்தனை வருஷமும் பிள்ளைகளை ஒப்பந்தங்களை உருப்போட வைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா?

படங்களைப் பெரிதாக்கி வாங்கி வருகிறேன் என்று நானே போய் நெகட்டிவைக் கேட்டு வாங்கினேன். ஸ்டுடியோக்காரர், "ஓரம் சும்மா அகலமாக் கெடக்கு அண்ணாச்சி. வெட்டிட்டா எழுத்து பெருசாத் தெரியும்" என்றார்.

"வெட்டிரு" என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

ரயில் கிளம்பும் நேரத்தில் ஒட்டிய கவரை அவர் கையில் திணித்தேன். அதை அவர் பிரித்தது மேடையில்தான். இல்லாத முத்திரையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். சபையில் சிரித்திருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"ஸ்டுடியோக்காரன் வெட்டிட்டான் தம்பி" என்றேன்.

"அவருக்கு அது வெத்து ஓரம். உங்களுக்கு என்னன்னு தெரியும்லா?" குரல் உயரவே இல்லை. "நெகட்டிவ நீங்களே வச்சிக்கோங்க. இனிமே இத நீங்களே எழுதுங்க அண்ணாச்சி."

அதன்பிறகு அவர் கணக்குப் பதிவியலைத் தவிர வேறெதையும் பேசவில்லை. நான் எழுத உட்கார்ந்தேன். மூன்று கடிதங்களும் என்னுடையவை, போட்டிக்கு ஆளே கிடையாது. அவற்றில் ஒரு எழுத்துகூட எனக்கு வாசிக்கத் தெரியாது.